டாப்பெட் சத்தம் கேட்டதும் ஹெட்டைக் கழற்ற வேண்டுமா?

வாசகர் கேள்வி – பதில்

பழைய கார்களை வைத்துப் பராமரிக்கும் வாசகர்களிடமிருந்து இம்முறை வந்த கடிதங்களில் சிலிண்டருக்குள் கலவையை விட்டு, புகையை வெளியேற்றும் வால்வுகள், அவற்றைத் திறக்கும் டாப்பெட், ராக்கர் ஆகியவை தொடர்பானவையே மிகுதி. ஆகவே இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில் தருகிறோம். பல கடிதங்களில் ஒரு பொதுவான வருத்தம் தெரிகிறது: பழுது இன்னதென்று அளந்து பார்ப்பதற்கு முன்பே ஹெட், அதாவது சிலிண்டர்களை மேலிருந்து மூடும் பாகம், கழற்றப்பட்டுவிடுகிறது. எஞ்சின் பிரிக்கப்படாமல் இருக்கும்போது மட்டுமே கிடைக்கக்கூடிய தடயங்கள், அதாவது சத்தத்தின் வேகம், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) அளவு, புகையின் நேரம் ஆகியவை அதோடு அழிந்துவிடுகின்றன. அதன் பிறகு ஊகத்தின் பேரில்தான் பாகங்களை மாற்ற வேண்டியிருக்கிறது.

கேள்வி: என்னிடம் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் உள்ள அம்பாசடர் இருக்கிறது. சில வாரங்களாக எஞ்சினின் மேற்பகுதியில் 'டக் டக்' என்ற சத்தம் கேட்கிறது. பட்டறையில் காட்டியபோது, ஹெட்டைக் கழற்றி வால்வு, ராக்கர் அனைத்தையும் மாற்றிவிட வேண்டும் என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா? – காரைக்குடி வாசகர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் வண்டியில் உள்ளது பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வடிவமைத்த பி-வரிசை எஞ்சின். முகடுகள் கொண்ட தண்டான கேம்ஷாஃப்ட், சிலிண்டர்கள் அமைந்த பிளாக்கின் உள்ளே கீழே சுழல்கிறது. அதன் மேல் அமர்ந்த டாப்பெட் புஷ் ராடைத் தூக்குகிறது. புஷ் ராடு ராக்கரின் ஒரு முனையை உயர்த்த, மறுமுனை வால்வை அழுத்தித் திறக்கிறது. சூட்டில் உலோகம் விரிவதற்கு இடம் வேண்டும் என்பதால், ராக்கருக்கும் வால்வுத் தண்டின் நுனிக்கும் இடையே 0.015 அங்குலம், ஏறக்குறைய 0.38 மில்லிமீட்டர், இடைவெளி விடப்படுகிறது. டாப்பெட் இடைவெளி என்று பட்டறைகளில் சொல்வது இதைத்தான். இடைவெளி இருக்கும் வரை கொஞ்சம் ஓசையும் இருக்கத்தான் செய்யும். தையல் இயந்திரம் ஓடுவது போன்ற சீரான மெல்லிய ஓசையைக் கேட்டு யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. எட்டு வால்வுகளில் ஒன்று மட்டும் தனித்துக் குரல் கொடுத்தால்தான் தேட வேண்டும்.

கேம்ஷாஃப்ட், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க்ஷாஃப்ட்டின் பாதி வேகத்தில் சுழல்கிறது. ஆகவே ஒரு வால்வின் சத்தம் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும்போது ஒருமுறைதான் வரும். ஸ்பார்க் பிளக்கும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறையே பொறி விடுகிறது என்பதால், இக்னிஷன் டைமிங் பார்க்கும் விளக்கை முதல் பிளக் ஒயரில் மாட்டி, அது மின்னும் தாளத்தோடு சத்தத்தின் தாளத்தை ஒப்பிடலாம். ஒரு மின்னலுக்கு ஒரு தட்டல் என்றால் வால்வுப் பக்கத்தைச் சந்தேகிக்கலாம். ஒரு மின்னலுக்கு இரண்டு தட்டல் என்றால் கிராங்க்ஷாஃப்ட் பேரிங்கின் பக்கம் கவனம் திரும்ப வேண்டும். இன்னொரு சோதனையும் உண்டு. ஐட்லிங்கில், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் மெதுவாக ஓடும்போது, ஒவ்வொரு பிளக்கின் ஒயரையும் முறையே எர்த் செய்து (எஞ்சின் உலோகத்தோடு இணைத்து), அந்தச் சிலிண்டரை வேலை செய்யவிடாமல் நிறுத்திப் பாருங்கள். பேரிங் சத்தமும் பிஸ்டன் சத்தமும் அப்போது குறையும் அல்லது மாறும். டாப்பெட் சத்தம் மாறாது. கார்புரேட்டர் வைத்த பழைய வண்டிகளுக்கு மட்டுமே இந்தச் சோதனை பொருந்தும். எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷனும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் உள்ள வண்டிகளில் இதைச் செய்யக் கூடாது.

டாப்பெட்டைப் போலவே ஒலித்து ஏமாற்றுபவை சில உண்டு. கேம்ஷாஃப்ட்டால் இயங்கும் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் அதே பாதி வேகத்தில் தட்டும். புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கேஸ்கெட்டில் (கசிவு தடுக்கும் தகட்டில்) சிறு கசிவு இருந்தாலும் 'டிக் டிக்' என்று கேட்கும். ஆனால் எஞ்சின் சூடேறி உலோகம் விரிந்ததும் பெரும்பாலும் அது அடங்கிவிடும். நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையை அந்தந்த இடத்தில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் பொருத்திக் கேட்டால் இவற்றைப் பிரித்தறியலாம். சட்டைக் கையும் துண்டும் ஃபேன் பெல்ட்டின் அருகே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சத்தம் மேலிருந்துதான் வருகிறது என்று தெரிந்த பிறகு ராக்கர் கவரைக் கழற்றுங்கள். எஞ்சினை மிக மெதுவான ஐட்லிங்கில் ஓடவிட்டு, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளைக் கொண்ட ஃபீலர் கேஜின் தகடை ஒவ்வொரு ராக்கரின் அடியிலும் செருகிப் பார்த்தால், எதன் அடியில் செருகும்போது சத்தம் நின்றுவிடுகிறதோ அதுவே குற்றவாளி. அப்படியே சற்று நேரம் புஷ் ராடுகளையும் உற்றுப் பாருங்கள். மேலும் கீழும் ஏறி இறங்கும்போதே அவை மெல்லச் சுழல வேண்டும். ஏழு சுழன்று ஒன்று மட்டும் சுழலாமல் நின்றால், அதன் கீழேயுள்ள டாப்பெட்டின் அடிப்பரப்போ கேமின் முகடோ தேய்ந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். இந்த எஞ்சினில் பிளாக்கின் பக்கவாட்டிலுள்ள மூடிகளைத் திறந்து டாப்பெட்டுகளை வெளியே எடுத்துப் பார்க்க முடியும் என்பது ஒரு பெரிய வசதி; அதற்கு ஹெட்டைக் கழற்றவே தேவையில்லை.

இனி எஞ்சினை நிறுத்திவிட்டு இடைவெளியை அளக்க வேண்டும். ரேடியேட்டர் பக்கத்திலிருந்து வால்வுகளை 1 முதல் 8 வரை எண்ணிக்கொள்ளுங்கள். 8-வது வால்வு முழுதும் திறந்திருக்கும் நிலையில் 1-வதை அளக்கலாம். 6-வது திறந்திருக்கையில் 3-வதை. 4-வது திறந்திருக்கையில் 5-வதை. திறந்த வால்வின் எண்ணும் அளக்கும் வால்வின் எண்ணும் சேர்ந்து எப்போதும் 9 வரும். அளவைச் சூடாக இருக்கும்போது பார்ப்பதா, குளிர்ந்தபின் பார்ப்பதா என்பதற்கு உங்கள் வண்டியின் கையேட்டையே பின்பற்றுங்கள். எட்டுக்கும் ஒரே நிலையில் அளப்பதுதான் முக்கியம்.

அளந்து, சரியாக வைத்து, மீண்டும் ஓட்டினால் அதே சத்தம் வருகிறது என்று பலர் எழுதுகிறார்கள். அதற்குக் காரணம் பெரும்பாலும் ராக்கரின் முனையில் இருக்கும். வால்வுத் தண்டு பல ஆண்டுகள் தட்டித் தட்டி அந்த முனையில் ஒரு சிறு பள்ளம் விழுந்திருக்கும். ஃபீலர் தகடு நேராகவே இருப்பதால் அது பள்ளத்துக்குள் இறங்காமல் இரு கரைகளுக்கும் மேலே பாலம் போல நிற்கும். தகடு 0.015 என்று காட்டும். உண்மையான இடைவெளி அதைவிடப் பள்ளத்தின் ஆழம் அளவுக்கு அதிகமாக இருக்கும். விரல் நகத்தால் அந்த முனையைத் தடவிப் பார்த்தாலே பள்ளம் தட்டுப்படும். அடுத்து, ராக்கரைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். அதிகம் ஆடினால் அதன் உட்புற வளையமான புஷ்ஷோ, அது மாட்டியிருக்கும் ஷாஃப்ட்டோ தேய்ந்திருக்கிறது. ஷாஃப்ட்டின் தேய்மானம் அதன் அடிப்பக்கத்தில்தான் இருக்கும், ஏனெனில் விசை முழுவதையும் தாங்குவது அந்தப் பக்கம்தான். கழற்றாமல் மேலிருந்து பார்ப்பவர்களுக்கு அது புதிது போலவே பளபளக்கும். ராக்கர் ஷாஃப்ட்டுக்கு ஆயில் வரும் துளை கசடால் அடைபட்டிருந்தால் எத்தனை புதிய ராக்கர் போட்டாலும் விரைவில் தேய்ந்துவிடும். ஆகவே கவர் திறந்திருக்கும்போதே ஒவ்வொரு ராக்கரிலும் ஆயில் கசிந்து வருகிறதா என்று கவனியுங்கள்.

இந்த வேலைகள் எவற்றுக்கும் ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. ராக்கர் தொகுதி மட்டும் தனியே கழன்று வரும். இந்த எஞ்சினில் ராக்கர் தூண்களைப் பிடிக்கும் நட்டுகளில் சில ஹெட்டையும் சேர்த்தே பிடிக்கின்றன. ஆகவே ரேடியேட்டர் தண்ணீரை இறக்கிவிட்டு, அவற்றையும் ஹெட்டின் மற்ற நட்டுகளையும் முறைப்படி சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். திரும்ப முடுக்கும்போதும் கையேடு சொல்லும் வரிசையிலும் விசையிலும் முடுக்க வேண்டும்.

கேள்வி: என் அம்பாசடரில் டாப்பெட் சத்தமே இல்லை. ஆனால் காலையில் எடுத்ததும் ஒரு சிலிண்டர் மிஸ் அடிக்கிறது. மலைப்பாதையில் இழுவையும் குறைந்துவிட்டது. டாப்பெட் பார்த்தால் எக்ஸாஸ்ட் வால்வுகளில் இடைவெளி இல்லாமல் இறுகியிருக்கிறது. சரிசெய்தாலும் சில மாதங்களில் மறுபடி இறுகிவிடுகிறது. வண்டி எரிவாயுவில் ஓடுகிறது. – சேலம் வாசகர்

பதில்: சத்தம் போடும் டாப்பெட்டைக் கண்டு பயப்படுபவர்கள், சத்தமே போடாத டாப்பெட்டைக் கண்டுதான் உண்மையில் பயப்பட வேண்டும். இடைவெளி அதிகமானால் காதுக்குத் தொல்லை, சற்றுத் தேய்மானம், அவ்வளவே. இடைவெளி இல்லாமல் போனால் வால்வு தன் சீட்டில், அதாவது மூடும்போது அது பொருந்தும் விளிம்பில், முழுமையாக உட்காராது. எக்ஸாஸ்ட் வால்வு தான் ஏற்கும் வெப்பத்தின் பெரும்பகுதியைச் சீட்டின் வழியாகத்தான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. மூடியிருக்கும் அந்தச் சிறு நேரம்தான் அது குளிரும் நேரம். அந்தத் தொடர்பு அறுபட்டால் வால்வின் விளிம்பு சூடேறி, கசியும் நெருப்பு அதில் ஒரு வாய்க்காலை அரித்துவிடும். இதையே வால்வு எரிந்துவிட்டது என்கிறோம்.

இடைவெளி தானாக இறுகுகிறது என்றால் வால்வு மேல்நோக்கி ஏறி வருகிறது, அதாவது சீட்டு தேய்ந்து வால்வு ஹெட்டுக்குள் புதைந்துகொண்டே போகிறது என்று பொருள். உங்கள் எஞ்சினில் சீட்டு தனிப் பாகமாக இல்லை. வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே கடைந்து எடுக்கப்பட்டிருக்கிறது. பெட்ரோலில் ஈயம் கலந்திருந்த காலத்தில், எரிந்தபின் எஞ்சிய ஈயச் சேர்மங்கள் சீட்டின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து அதைக் காத்தன. ஈயமில்லாப் பெட்ரோல் இந்தியாவின் நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரலில் அறிமுகமாகி, 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதற்கும் வந்துவிட்டது. நம் மூச்சுக்கும் குழந்தைகளின் உடல்நலத்துக்கும் அது மிகவும் அவசியமான மாற்றம். பழைய ஹெட்டுகளுக்கு மட்டும் அந்தக் காப்பு போய்விட்டது. எரிவாயுவிலும் அத்தகைய காப்பு எதுவும் இல்லை. நிதானமாக ஊருக்குள் ஓடும் வண்டிகளில் இந்தத் தேய்மானம் மெதுவாகவே நடக்கும். நெடுநேரம் அதிவேகத்திலோ மலையேற்றத்திலோ ஓட்டும்போது விரைந்து நடக்கும்.

காலையில் மிஸ் அடிக்கும் சிலிண்டரை இப்போது கம்ப்ரஷன் பார்த்து அடையாளம் காணுங்கள். வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய முதல் சோதனை ஒன்றும் உண்டு: ஐட்லிங்கில் சைலன்சர் குழாயின் வாயருகே ஒரு தாளைப் பிடியுங்கள். நல்ல எஞ்சின் அதைச் சீராக வெளியே தள்ளும். எக்ஸாஸ்ட் வால்வு ஒன்று கசிந்தால் அவ்வப்போது தாள் குழாயை நோக்கி உள்ளிழுக்கப்படும். இதை வைத்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம். இக்னிஷன் கோளாறாலும் ஓட்டம் ஒழுங்கற்றுப் போகும்.

உங்களுக்கு ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். ஆனால் வால்வுகளைப் பேஸ்ட் போட்டுத் தேய்த்து மாட்டிவிட்டால் இன்னும் சில மாதங்களில் இதே நிலைக்கு வருவீர்கள். நல்ல லேத் பட்டறையில் எக்ஸாஸ்ட் சீட்டுகளைக் குடைந்து கடின உலோக வளையங்களை அழுத்திப் பொருத்தச் சொல்லுங்கள். அதற்கு முன், வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழல்களான வால்வு கைடுகளைச் சரிசெய்வது அவசியம், ஏனெனில் சீட்டைக் கடையும் கருவி கைடை அச்சாகக் கொண்டே சுழல்கிறது. கைடு தேய்ந்து ஆடினால் சீட்டும் மையம் தவறித்தான் அமையும். வேலை முடிந்து ஹெட் கைக்கு வந்ததும், வால்வும் ஸ்பிரிங்கும் பூட்டிய நிலையில் போர்ட்டுகளில் (ஹெட்டில் வால்வுக்குச் செல்லும் வழிகளில்) மண்ணெண்ணெய் ஊற்றிச் சற்று நேரம் காத்திருங்கள். வால்வின் ஓரம் ஈரமாகாமல் இருந்தால்தான் அந்த வேலையை ஏற்க வேண்டும். இச்சோதனையைப் பட்டறையிலேயே, உங்கள் கண்முன் செய்யச் சொல்லிக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

கேள்வி: கம்ப்ரஷன் பார்த்ததில் நான்கு சிலிண்டர்களிலும் முறையே 130, 85, 80, 128 பவுண்டு (சதுர அங்குலத்துக்கு) வந்தது. இரண்டு வால்வுகள் எரிந்துவிட்டன என்று மெக்கானிக் சொல்கிறார். சரியா? – மதுரை வாசகர்

பதில்: இருக்கலாம். ஆனால் அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் மட்டும் சேர்ந்து குறைந்தால் முதல் சந்தேகம் அவற்றுக்கு நடுவே ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையேயுள்ள தகடு) விட்டுப்போனதன் மீதுதான் விழ வேண்டும். வண்டியின் பெயரை நீங்கள் குறிப்பிடவில்லை. அம்பாசடராக இருந்தால் நடுவிலுள்ள 2, 3 சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் வால்வுகள் அருகருகே அமைந்து ஒரே போர்ட்டில் புகையை விடுவதால் அந்த இடம் மிகவும் சூடாகும். அவை இரண்டும் சேர்ந்தே எரிவதும் உண்டு. ஆகவே எண்களை மட்டும் பார்த்து இரண்டில் எது என்று சொல்ல இயலாது.

முதலில் அந்த அளவை எடுத்த முறை சரிதானா என்று உறுதிப்படுத்துங்கள். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், நான்கு பிளக்குகளும் கழற்றப்பட்டிருக்க வேண்டும், ஆக்ஸிலேட்டர் முழுதும் அழுத்தப்பட்டிருக்க வேண்டும், பாட்டரி நன்றாகச் சார்ஜ் ஏறியிருக்க வேண்டும். அதற்கு முன்பே டாப்பெட் இடைவெளியும் பார்த்திருக்க வேண்டும். இறுகிய டாப்பெட் நல்ல வால்வையும் கசியவைக்கும். இடைவெளியைச் சரிசெய்த அளவிலேயே கம்ப்ரஷன் திரும்பிவிடுவதும் உண்டு. பிறகு குறைந்த சிலிண்டரில் பிளக் துளை வழியாக ஒரு கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு நன்றாக ஏறினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளின் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட்.

கடைசியாகக் காற்றுச் சோதனை. அந்தச் சிலிண்டரின் பிஸ்டனை, இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும் கம்ப்ரஷன் உச்சத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, கை பிரேக்கையும் இழுத்துவிட்டு, பிளக் துளை வழியாகக் கம்ப்ரஸர் காற்றைச் செலுத்த வேண்டும். காற்று எஞ்சினைத் திடீரென்று சுழற்றிவிடக்கூடும் என்பதால் அந்தப் பிடிமானம் முக்கியம். கார்புரேட்டரில் 'உஸ்' என்று கேட்டால் இன்லெட் வால்வு, சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட் அல்லது விரிசல், பக்கத்துச் சிலிண்டரின் பிளக் துளையில் வந்தால் சந்தேகமின்றி கேஸ்கெட். இத்தனை தெளிவாக விடை சொல்லும் சோதனையைப் பல பட்டறைகள் செய்வதில்லை என்பது வருத்தத்துக்குரியது. பஞ்சர் கடைக் கம்ப்ரஸரும், பழைய பிளக்கின் கூட்டில் பற்றவைத்த ஒரு குழாயும் இருந்தாலே போதும்.

கேள்வி: மாருதி 800-ல் டைமிங் பெல்ட் மாற்றிய பிறகு பிக்கப் இல்லை. கம்ப்ரஷன் மூன்று சிலிண்டர்களிலும் ஒரே அளவில் குறைவாக இருக்கிறது. ரிங் போய்விட்டதா? – ஈரோடு வாசகர்

பதில்: மூன்று சிலிண்டர்களின் ரிங்கும் பெல்ட் மாற்றிய அன்றே சேர்ந்து தேய்வதில்லை. பெல்ட் ஒரு பல் தவறி மாட்டப்பட்டிருக்கும். கேம்ஷாஃப்ட் பின்தங்கினால் இன்லெட் வால்வு தாமதமாக மூடும். பிஸ்டன் மேலேறத் தொடங்கியபின்னும் கலவை வந்த வழியே திரும்பிப் போகும். கம்ப்ரஷன் எல்லாச் சிலிண்டரிலும் ஒரே சீராகக் குறையும். கார்புரேட்டர் மாடலில் டிஸ்ட்ரிபியூட்டரும் கேம்ஷாஃப்ட்டால்தான் சுழல்கிறது. ஆகவே இக்னிஷன் டைமிங்கும் கூடவே பின்தங்கும். மெக்கானிக் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி அதை மட்டும் சரிசெய்துவிட்டால் விளக்கு வைத்துப் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தோன்றும். கவரைத் திறந்து மேல் பல்சக்கரத்தின் குறியும் கீழ்ப் பல்சக்கரத்தின் குறியும் ஒரே நேரத்தில் தத்தம் இடத்தில் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடியும் பாருங்கள்.

கேள்வி: எங்கள் பிரீமியர் பத்மினியில் சில நேரம் மட்டும் நீலப்புகை வருகிறது. சமதளத்தில் ஓட்டும்போது இல்லை. ரிங் மாற்ற வேண்டுமா? – நாமக்கல் வாசகர்

பதில்: எந்த நேரத்தில் வருகிறது என்பதில்தான் விடை இருக்கிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் கியரில் இறங்கி வந்து, அடிவாரத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்தவுடன் ஒரு குப்பென்று நீலப்புகை வந்து பிறகு தெளிந்துவிடுகிறதா? அப்படியானால் வால்வு கைடு. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கும்போது இன்லெட் மேனிஃபோல்டில் வெற்றிடம் மிகவும் அதிகமாக இருக்கும். ராக்கர் பகுதியிலுள்ள ஆயில், தேய்ந்த கைடின் இடுக்கு வழியாக உள்ளே இழுக்கப்பட்டுச் சேர்ந்திருந்து, மிதித்ததும் எரிந்து வெளியேறும். இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பியதும் வரும் புகையும், சிக்னலில் நெடுநேரம் ஐட்லிங்கில் நின்று கிளம்பும்போது வரும் புகையும் இதே வகைதான். ரிங் தேய்ந்திருந்தால் பாரத்தோடு இழுக்கும்போது, மேட்டில் ஏறும்போது, விடாமல் புகையும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அங்கும் புகை அடிக்கும்.

உங்கள் கடிதத்தின்படி கைடுதான் சந்தேகத்துக்குரியது. ஆயில் செலவு பொறுத்துக்கொள்ளும் அளவில் இருந்து, பிளக்குகளில் கரி பிடிக்காமல் இருந்தால் உடனே அவசரப்பட வேண்டியதில்லை. ஆனால் கெட்டியான ஆயிலை ஊற்றிப் புகையை மறைக்கலாம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். குளிர்ந்த எஞ்சினில் அந்த ஆயில் ராக்கரைச் சென்றடையத் தாமதமாகும்; கைடைக் காப்பாற்றப் போய் ராக்கர் ஷாஃப்ட்டை இழப்பீர்கள்.

கேள்வி: இன்லெட் மேனிஃபோல்டின் வெற்றிடத்தை அளக்கும் வேக்யூம் கேஜ் ஒன்று வாங்கியிருக்கிறேன். ஐட்லிங்கில் 12 (பாதரச) அங்குலம்தான் காட்டுகிறது. புத்தகங்களில் 17 முதல் 21 வரை இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. எஞ்சின் நன்றாகத்தான் ஓடுகிறது. – உதகமண்டலம் வாசகர்

பதில்: அந்த 17 முதல் 21 வரை என்பது கடல்மட்டத்துக்கான அளவு. ஒவ்வொரு 1000 அடி உயரத்துக்கும் ஏறத்தாழ ஓர் அங்குலம் குறையும். உங்கள் ஊர் 7300 அடிக்கும் மேலே இருப்பதால் 12 அங்குலம் நல்ல அளவே. இந்தக் கருவியில் எண்ணைவிட முள்ளின் அசைவுதான் அதிகம் பேசும். ஒரே தாளத்தில் முள் சில அங்குலம் விழுந்து எழுந்தால் ஒரு வால்வு எரிந்திருக்கிறது அல்லது மூடுவதேயில்லை. எப்போதாவது ஒருமுறை, தாளமில்லாமல் விழுந்தால் ஒரு வால்வு கைடில் ஒட்டிக்கொள்கிறது. நெடுநாள் ஓட்டாமல் நிறுத்தி, பழைய பெட்ரோல் பிசினாகப் படிந்த வண்டிகளில் இது வழக்கம். ஐட்லிங்கில் வேகமாக நடுங்கி, வேகம் கூட்டியதும் நின்றுவிட்டால் கைடு தேய்மானம். அதற்கு மாறாக, ஐட்லிங்கில் நன்றாக இருந்து வேகம் கூடக்கூட வீச்சு அதிகமானால் வால்வு ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. முள் ஆடாமல், ஆனால் உங்கள் ஊர்க் கணக்குக்கும் மிகக் கீழே நின்றால் வால்வு டைமிங், இக்னிஷன் டைமிங், அல்லது மேனிஃபோல்டில் காற்றுக் கசிவு ஆகியவற்றைப் பாருங்கள்.

கேள்வி: பழைய ஓப்பல் கோர்ஸாவில் காலையில் டாப்பெட் சத்தம் வருகிறது. டாப்பெட் அட்ஜஸ்ட் செய்ய வேண்டுமா? – கோயம்புத்தூர் வாசகர்

பதில்: அதில் அட்ஜஸ்ட் செய்ய எதுவும் இல்லை, ஆயில் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டாப்பெட் அது. கிளப்பியதும் சில விநாடிகள் தட்டிவிட்டு அடங்கினால் பழுது இல்லை. அடங்காவிட்டால் ஆயிலின் மட்டத்தையும் தரத்தையும் வயதையும் முதலில் பாருங்கள். மட்டம் குறைந்தாலும் காற்று கலக்கும். அளவுக்கு மேல் ஊற்றினாலும் கிராங்க்ஷாஃப்ட் கடைந்து நுரையாக்கிவிடும். அவை சரியாக இருந்தும் சத்தம் நீடித்தால் ஆயில் பிரஷரை மீட்டர் வைத்து அளந்த பிறகே டாப்பெட்டைத் தொட வேண்டும்.

கேள்வி: நான் புதுப்பித்துவரும் ஸ்டாண்டர்டு ஹெரால்டில் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது கார்புரேட்டரில் 'டப் டப்' என்று வெடிக்கிறது. கார்புரேட்டரை மாற்றினேன், பாயின்ட், கண்டென்ஸர், காயில் எல்லாம் மாற்றினேன், பயனில்லை. கம்ப்ரஷன் நான்கிலும் நன்றாக இருக்கிறது. ஒரு டாப்பெட் மட்டும் எத்தனை முறை வைத்தாலும் விரைவில் லூசாகிவிடுகிறது. – செங்கல்பட்டு வாசகர்

பதில்: உங்கள் ஊருக்குப் பக்கத்தில் வண்டலூரில் பிறந்த வண்டி அது, புதுப்பிக்க முன்வந்திருக்கிறீர்கள் என்பது எங்களுக்கு உண்மையான மகிழ்ச்சி. விடையை நீங்களே கடைசி வாக்கியத்தில் எழுதிவிட்டீர்கள். அந்த டாப்பெட் எக்ஸாஸ்ட் வால்வுக்கு உரியதுதானே என்று பாருங்கள். அப்படியானால் அதன் கேம் முகடு தேய்ந்துவிட்டது.

கேம் முகட்டின் மேற்பரப்பு கெட்டியாக்கப்பட்டிருக்கும். அந்தக் கெட்டிப் படலம் தேய்ந்து தீர்ந்ததும் உள்ளேயுள்ள மென்மையான இரும்பு மிக விரைவாகக் கரையும். டாப்பெட்டின் அடிப்பரப்பும் குழிந்துவிடும். ஆகவேதான் மற்ற ஏழும் நிலையாக இருக்க, இது ஒன்று மட்டும் மறுபடி மறுபடி லூசாகிறது. முகடு தேய்ந்தால் வால்வு போதிய அளவு திறக்காது. எரிந்த வாயு முழுதும் வெளியேற முடியாமல் சிலிண்டரிலேயே அழுத்தத்தோடு தங்கி, அடுத்து இன்லெட் வால்வு திறந்ததும் அதன் வழியாகக் கார்புரேட்டருக்குப் பாய்கிறது. நீங்கள் கேட்கும் வெடிப்பு அதுதான். வால்வு மூடும்போது நன்றாகவே மூடுவதால் கம்ப்ரஷன் மீட்டர் இந்தப் பழுதைக் காட்டிக்கொடுப்பதில்லை.

உறுதி செய்ய, நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜ் வேண்டும். ராக்கர் தொகுதியைக் கழற்றிவிட்டு, அந்தந்த புஷ் ராடின் தலையில் டயல் கேஜின் முனையை வைத்து, எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றி, அது எவ்வளவு உயர்கிறது என்று எட்டுக்கும் எழுதிக்கொள்ளுங்கள். இன்லெட்டை இன்லெட்டோடும் எக்ஸாஸ்ட்டை எக்ஸாஸ்ட்டோடும் ஒப்பிடுங்கள். தேய்ந்தது தெளிவாகப் பின்தங்கி நிற்கும். டயல் கேஜ் கிடைக்காவிட்டால் ராக்கரைக் கழற்றாமலேயே, வால்வு முழுதும் திறக்கும்போது ஸ்பிரிங் தட்டு எவ்வளவு இறங்குகிறது என்று வெர்னியரால் அளக்கலாம். துல்லியம் சற்றுக் குறையும், ஆனால் இவ்வளவு தேய்ந்த முகட்டைக் கண்டுபிடிக்க அது போதும்.

இந்த எஞ்சினில் டாப்பெட்டுகளை எடுக்க ஹெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும், மேல்வழியாகவே அவை வெளியே வரும். கேம்ஷாஃப்ட்டை மாற்றும்போது எட்டு டாப்பெட்டுகளையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த டாப்பெட் புதிய கேமையும் தின்றுவிடும். பழையவற்றையே திரும்பப் பயன்படுத்தும் நிலையில் ஒவ்வொன்றும் முன்பிருந்த துளைக்கே திரும்பிச் செல்லும்படி எண் போட்டு வைக்க வேண்டும். ஆயிலிலும் கவனம் தேவை. இன்றைய பெட்ரோல் கார்களுக்கான ஆயில்களில் பலவற்றில், கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் காப்பதற்காகத் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மானம் குறைக்கப்பட்டிருக்கிறது. தட்டையான டாப்பெட் கேமின் மேல் வழுக்கி ஓடும் பழைய எஞ்சின்களுக்கு அந்தச் சேர்மானம் மிகவும் வேண்டும். பழைய வண்டிகளுக்கென்று அது போதிய அளவில் உள்ள ஆயிலைக் கேட்டு வாங்குங்கள்.

மாட்டும்போது முகடுகளிலும் டாப்பெட் அடிப்பரப்பிலும் அசெம்ப்ளி பேஸ்ட்டைத் தாராளமாகத் தடவுங்கள். டாப்பெட் இடைவெளியைக் குளிர்ந்த நிலையில் 0.010 அங்குலம் வையுங்கள். இக்னிஷன், பெட்ரோல், தண்ணீர் எல்லாவற்றையும் முன்னதாகவே தயார்செய்து, எஞ்சின் முதல் முயற்சியிலேயே கிளம்பும்படி பார்த்துக்கொள்ளுங்கள்; செல்ஃப் போட்டுப் போட்டுச் சுற்றினால் பேஸ்ட் வழிந்துவிடும். கிளம்பியதும் ஐட்லிங்கில் விடாமல் நிமிடத்துக்கு 2000 சுற்று வேகத்தில் சுமார் 20 நிமிடம் ஓடவிடுங்கள். இந்த எஞ்சினில் கேமுக்கும் டாப்பெட்டுக்கும் போகும் ஆயிலில் பெரும்பங்கு கிராங்க்ஷாஃப்ட் வீசித் தெளிப்பது. ஐட்லிங்கில் அது போதாது. பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, எஞ்சின் முழுதும் ஆறியபின் ஹெட் நட்டுகளின் முடுக்கத்தையும் எட்டு இடைவெளிகளையும் மறுபடி பாருங்கள். 500 கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு முறை இடைவெளியை அளந்து, முந்தைய அளவோடு ஒப்பிட்டு, எதுவும் லூசாகவில்லை என்றால் மட்டும் வண்டியை நெடும்பயணத்துக்கு எடுங்கள்.